மரத்தூள் கட்டி எரித்த குளிர்காலம்

என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தது ஒரு நவம்பரில். நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் ஊரில் குளிர் இறங்கத் தொடங்கியிருந்த நேரம். எங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டர் உண்டு, ஆனால் கீழ்த்தளம் அதற்கு மசியாது. கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பில் விறகு எரித்தால்தான் ஹாலில் உட்கார முடியும். அந்த விறகு முழுக்க அவருடைய பொறுப்பு. வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் மனிதர், சனிக்கிழமை விடிந்தால் கோடாலியோடு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார்.

டிஸ்சார்ஜ் செய்த அன்று நர்ஸ் ஒன்றை அழுத்திச் சொன்னார்: சில வாரங்களுக்கு ஒரு கேலன் பால் கேனைவிட, அதாவது நாலு கிலோவைவிடக் கனமான எதையும் இவர் தூக்கக் கூடாது.

எனவே விறகு சுமப்பது என் வேலையானது. பனியில் நடந்து போய் ஓக் கட்டைகளை அணைத்து எடுத்து வருவேன். கையில் சிராய் ஏறும், மரப்பட்டையிலிருந்து பூச்சி உதிரும், ஹாலெல்லாம் சேறு. அவர் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் திரும்பியபோது, தையல் வலிக்காமலிருக்க நெஞ்சில் தலையணையை அணைத்தபடி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார், உதவிக்கு வர. கத்திவிட்டேன். அன்றே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை ஆர்டர் பண்ணினேன்.

வந்ததும் ஒன்றை மோந்து பார்த்தார். "இதென்ன, மாட்டுக்கு வெக்கற புண்ணாக்காட்டம் இருக்குது?"

"எரிஞ்சாச் சரிங்க."

நன்றாகவே எரிந்தது. பற்றிக்கொள்ளக் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. பற்றிய பிறகு, விறகைப்போல் எழும்பி அடங்காமல், நெடுநேரம் ஒரே சீராகக் கனன்றது. சாம்பல் குறைவு, புகையும் குறைவு. எனக்குப் பிடித்துவிட்டது. அவரோ, "சத்தமே இல்லையே. அடுப்பு எரியறதே தெரியலை," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் படுக்கப் போனார். இத்தனை பாடுபட்டும் ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று எனக்கு வருத்தம்.

டிசம்பர் கடைசியில் பெரிய பனி. ஆபீஸிலிருந்து வந்து காரை கராஜில் விட்டேன். காரில் அப்பியிருந்த பனி உருகித் தரையோடு ஓடியதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் மாலை கராஜில் அடுக்கியிருந்த கட்டியை எடுக்கப் போனால், கீழ் வரிசை முழுவதும் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிப் பொதபொதவென்று உதிர்ந்தது. உறை கிழிந்த கட்டிகளை வெறும் சிமெண்ட் தரையில் நான்தான் அடுக்கியிருந்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். கட்டிக்காக மட்டும் அழவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் அழாமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது.

சத்தம் கேட்டு அவர் வந்து கதவருகே நின்றார்.

"தரையில வெக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கவே இல்லையே கண்ணு." மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பல்லாம் எங்கிட்ட நீ எதுவுமே கேக்கறதில்ல. மாத்திரை போட்டாச்சான்னு மட்டுந்தான் கேக்கறே."

அவர் சொன்னது உண்மை. வரவு செலவு, மகளுடைய காலேஜ், இந்தக் கட்டி, எல்லாவற்றையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

"பயமா இருக்குதுங்க," என்றேன். "உங்ககிட்ட எதாச்சும் கேட்டா, நீங்க எழுந்து செய்யப் போயிருவீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கும் பயந்தான்," என்றார். அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேல் வரிசையிலிருந்து காய்ந்த கட்டி ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "இது பால் கேனைவிட லேசு. ஒண்ணொண்ணா எடுக்கலாம். டாக்டர் வாக் பண்ணத்தானே சொன்னாரு?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, "எங்கங்க வெக்கலாம்?" என்று கேட்டேன்.

ஷெல்ஃபில் இருந்த இரண்டு பலகைகளைக் காட்டினார். சுவரோரம், ஈரம் எட்டாத இடத்தில் அவற்றைப் போட்டேன். அவர் ஒரு கட்டியை எடுத்து வந்து வைப்பார், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி எழுவார். நான் ஊறிப்போன தூளைக் கூட்டி அள்ளினேன். அந்த மாலையும் மறுநாள் மாலையும் அதிலேயே போயின. அதற்குப் பிறகு கராஜிலிருந்து அடுப்புக்குக் கட்டி கொண்டுவருவது அவர் வேலையாகிவிட்டது. ஒரு நடைக்கு ஒன்றுதான்.

வசந்தத்தில் டாக்டர் எல்லாக் கட்டுப்பாட்டையும் நீக்கினார். அடுத்த குளிருக்கு முன்னால் என் கணவரே என்னைக் கூப்பிட்டு, கட்டி எவ்வளவு, விறகு எவ்வளவு என்று கேட்டுத்தான் ஆர்டர் பண்ணினார். வேலை நாட்களில் கட்டி, சனி ஞாயிறில் ஓக். எது நல்ல சூடு என்ற விவாதம் மட்டும் எங்களுக்குள் முடியவில்லை. அவர் விறகு பிளக்கிறார், நான் கையுறை போட்டு அடுக்குகிறேன். பத்துக் கட்டை ஆனதும், "போதும்" என்பேன். மறுபேச்சுப் பேசாமல், உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போடுவார்.