வெறும் மறைப்பு

ஜேடர்பாளையத்துப் பக்கம் யார் வீட்டிலாவது மரமறுக்கும் மிஷின் மக்கர் செய்தால், டிரைவர் அருணகிரியிடம் கொண்டுபோகச் சொல்வார்கள். அவர் அதற்குக் காசு வாங்குவதில்லை. அது அவருடைய தொழிலும் இல்லை. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் ஊரில் வண்டியை எடுத்தால் வழிநெடுகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் நிறுத்துவார். மாலையில் அதே வழியில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டு வருவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறு ஆள். வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், பழைய மிஷின்களை நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் மிஷின் கல்லூரித் தோட்டத்திலிருந்து வந்தது. யாரோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டி, பிஸ்டன் இறுகிப்போய், குப்பையோடு கிடந்தது. கேட்டு வாங்கிவந்தார். பேருந்தின் இன்ஜின் பழுதானால் மெக்கானிக் வருவார், டிரைவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மடியில் வைத்துப் பார்க்கக்கூடிய இன்ஜின். மூன்று ஞாயிறு போராடி அதை உயிர்ப்பித்தார். கயிற்றை இழுத்ததும் அது இருமி, புகைவிட்டு, பிறகு ஒரே சுருதியில் நின்று பாடியபோது, அருணகிரிக்குச் சட்டென்று கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

இப்போது அலமாரியில் பதினொன்று இருக்கின்றன. எதைக் கொண்டும் அவர் மரம் அறுத்ததில்லை. ஓடவிடுவார், கேட்பார், நிறுத்துவார், துடைத்து வைப்பார்.

"ஊருல மரத்த அறுக்கறவன் மிசினு வச்சிருப்பான். இந்த மனுசன் மிசினையே அறுத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு" என்பார் டீக்கடை அன்பரசு.

"என்னால ஒரு மரமும் சாகலீங்களே" என்பார் அருணகிரி. இதற்கு மேல் அவருக்குப் பேச வராது.

தை மாதம் சின்னண்ணன் ஒரு மிஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். நாற்பது வயது. சாய்ந்த தென்னை, பட்டுப்போன வேம்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் அறுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்த மிஷின் அது. முப்பது வருடத்துக்கு முந்தைய உருப்படி; கனமான உடம்பு, சங்கிலி சுற்றி ஓடும் நீளமான வாள்.

"இது எந்திரிக்குமாங்க டிரைவரண்ணா?"

"பாக்கலாம் சின்னண்ணு. வச்சுட்டுப் போ."

எழுந்துவிட்டது. கார்புரேட்டரின் சவ்வு காய்ந்து அப்பளமாகியிருந்தது, மாற்றினார். பிஸ்டன் ரிங்கை வேறொரு மிஷினிலிருந்து எடுத்துப் போட்டார். சங்கிலிப் பல்லை ஒவ்வொன்றாக உருளை அரத்தால் தீட்டினார். ஒன்று மட்டும் முடியவில்லை.

மிஷினின் முன்கைப்பிடிக்கு அந்தப்பக்கம் வளைவாக ஒரு தடுப்பு நிற்கும். பார்த்தால் கைக்கு மறைப்பு மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது பிரேக்கின் நெம்புகோல். வாளின் நுனி எங்காவது இடித்து மிஷின் எகிறி ஆளின் மேல் பாய்ந்தால், மணிக்கட்டு அந்தத் தடுப்பில் மோதும். உள்ளே ஒரு இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கிலி நின்றுவிடும். சின்னண்ணன் மிஷினில் அந்தப் பட்டை அறுந்திருந்தது. சேலத்தில் நான்கு கடை ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. நூல் மூட்டைகளைக் கட்டிவரும் இரும்புத் தகட்டை வெட்டி வளைத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு மூடியை மூடினார். தடுப்பு மட்டும் அதன் இடத்தில் அழகாக நின்றது.

சின்னண்ணன் வாங்க வந்த அன்று ஒரே இழுப்பில் மிஷின் கிளம்பியது. அவன் முகம் பூரித்ததைப் பார்த்தார். தன்னால் ஆகாத ஒன்று அந்த மிஷினுக்குள் இருப்பதை அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. தடுப்பை விரலால் தட்டிக்காட்டி, "இது வெறும் மறைப்புதான், பாத்துக்க" என்றார்.

"சரிங்கண்ணா" என்று அவன் தூக்கிக்கொண்டு போனான்.

சித்திரைக் கடைசியில் அடித்த காற்றில், வாய்க்கால்கரை முனியப்பன் கோயில் வேம்பின் பெரிய கிளை ஒன்று முறிந்து கூரைத் தகரத்தின் மேல் சாய்ந்தது. அடுத்த நாள் பூசை. பூசாரி ஆண்டி ஆள் அனுப்ப, சின்னண்ணன் போனான். கோயில் மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முனியப்பன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. அன்று அவசரத்தில் யாரும் பூக் கேட்கவில்லை. கிளையை அறுக்கையில் வாள்நுனி பின்னால் மறைந்திருந்த இன்னொரு கிளையில் இடித்தது. மிஷின் எகிறி அவனுடைய இடது தோளுக்குக் கீழே பாய்ந்தது.

உயிர் பிழைத்தான். கை இருக்கிறது, விரல்கள் மடங்குவதில்லை.

பூக் கேட்காமல் அறுத்தான், சாமி காட்டிவிட்டது என்று ஊர் சொன்னது. கூப்பிட்டு அனுப்பிய ஆண்டியும் அதையே சொன்னார். சாமி குத்தம் சுமந்தவனைத் தோப்புக்குள் விட யாருக்கும் மனமில்லை. ஒரு கையோடு ஆள் வைத்தாவது செய்கிறேன் என்று அவன் கேட்டபோது, தென்னந்தோப்புக்காரர் ஜெகதீஸ்வரன், "ஆடி போகட்டும், பாக்கலாம்" என்று நழுவினார். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, ஈரத்துணியோடு முனியப்பன் முன்னால் விழுந்து, குத்தத்தை எல்லார் முன்பும் ஒத்துக்கொண்டு கெடா வெட்டுவது என்று முடிவானது.

அருணகிரிக்கு விபத்தைக் கேள்விப்பட்ட நிமிடமே தெரியும். தெரிந்துகொண்டே மூன்று மாதம் இருந்தார். இரண்டு முறை பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சின்னண்ணன் ஒருமுறைகூட மிஷினைக் குறை சொல்லவில்லை. பேருந்து ஓட்டும்போது, பள்ளத்துக்கு முன்னால் பிரேக்கில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மிஷினின் மூடி அவருக்கு நினைவு வந்தது.

கெடா வெட்டுக்கு மூன்று நாள் இருக்கையில் மனைவி கலைமணியிடம் சொன்னார். அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். இதைக் கேட்டதும் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள்.

"ஏனுங்க, ஊரே சாமி மேல போட்ருச்சு. நீங்க எதுக்கு எடையில போறீங்க?"

"அவன் ஒத்துக்கறதுக்கு நிக்கறான் கலை. செய்யாததுக்கு."

"போலீசு கேசுன்னு போனா காலேசுல வண்டி குடுப்பாங்களா?"

"தெரீல."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராகச் சின்னண்ணன் வீட்டுக்குப் போனார்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி காளியாத்தாள் வாசலில் கெடாவுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். மேச்சேரிக் கெடா, செம்பழுப்பு நிறம், குட்டை மயிர்.

"மிசினு எங்க இருக்குது சின்னண்ணு?"

"மூலைல கெடக்குதுங்க. தொடவே இல்ல."

அருணகிரி எடுத்துவந்து, பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றி, அவன் முன்னால் வைத்தார். "இங்க ஒரு பட்டை இருக்கோணும். பிரேக்குப் பட்டை. அது இருந்திருந்தா எகிறுனப்பவே சங்கிலி நின்னிருக்கும். எனக்குக் கெடைக்கல. இல்லாமயே மூடிக் குடுத்துட்டேன்."

சின்னண்ணன் குனிந்து அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அன்னிக்கு என்னமோ சொன்னீங்களேண்ணா."

"வெறும் மறைப்புன்னு சொன்னேன்."

"ஆமாங்க. நானும் அதத்தான் நம்புனேன். முன்னால மறைப்பு இருக்குது, கைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

வாசலிலிருந்து காளியாத்தாள் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மூணு மாசமா இந்த மனுசன் பூக் கேக்காமப் போயிட்டனே, பூக் கேக்காமப் போயிட்டனேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு. ரண்டு தரம் ஊட்டுக்கு வந்தீங்க. காப்பி குடிச்சீங்க. பிரேக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை. அது வரலீங்களாண்ணா உங்களுக்கு?"

"வரலீங்க."

சின்னண்ணன் நிமிர்ந்தான். கோபம் வரும் என்று அருணகிரி காத்திருந்தார். அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "சாமி குத்தம்னா கெடா வெட்டுனாத் தீந்துரும். இது உங்க குத்தம்னா நான் எதைங்க வெட்டறது?"

அருணகிரி மூடியைத் திரும்பப் பூட்டக்கூடத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கெழம ஒறம்பரை சனமெல்லாம் வருவாங்க. எல்லாரும் இருக்கறப்ப இதச் சொல்லுங்க. நான் அப்பறம் ஈரத்துணி கட்டறதா வேண்டாமான்னு பாத்துக்கறேன்."

சொன்னார். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, முனியப்பன் முன்னால், நூறு பேருக்குக் குறையாத கூட்டத்தில், மிஷினைத் தரையில் வைத்து மூடியைத் திறந்து காட்டிச் சொன்னார். "மறைப்பு" என்று சொன்னதையும், ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் விடவில்லை. பெண்கள் பக்கம் கலைமணி தலை நிமிர்ந்து நின்றிருந்தாள். அவள் வருவாள் என்று அவர் நினைக்கவில்லை.

ஆண்டி, "பிரேக்கு கெடைக்காமப் பண்ணுனதும் அவன்தான். ஆட்டி வைக்கறவன் அவன்" என்று முனியப்பனைக் கைகாட்டினார். பாதிக் கூட்டம் தலையாட்டியது. மற்றவர்கள் மிஷினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அருணகிரியைப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம தோப்புல பட்டுப்போன ஏழு மரம் அப்படியேதான் நிக்குது சின்னண்ணு. ஆளக் கூட்டிக்கிட்டு நீ வந்து நின்னு அறுத்துக் குடு" என்றார்.

சின்னண்ணன் ஈரத்துணி கட்டவில்லை. விழவில்லை. நின்றபடி ஒற்றைக் கையால் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். சாமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று கெடாவை மட்டும் வெட்டினார்கள்.

பந்தி போட்டபோது அருணகிரி கிளம்பப் பார்த்தார். "உக்காருங்க" என்றான் சின்னண்ணன். உட்கார்ந்தார். இருபக்கமும் ஒரு இலை தள்ளியே ஆட்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் பொறுத்து, இடதுபக்கத்து இலையில் சின்னண்ணனே வந்து உட்கார்ந்தான்.

காளியாத்தாள் சோற்றுக் கூடையோடு வரிசையில் வந்தாள். புருஷன் இலையில் போட்டாள். அருணகிரியின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். கறிக்குழம்பு வந்தது, அதுவும் தாண்டிப் போனது. தண்ணீர் தெளித்த வெறும் இலை அவர் முன்னால் ஈரமாகக் கிடந்தது. அவர் கையை ஊன்றி எழப்போனார்.

"எந்திரிக்காதீங்க" என்றான் சின்னண்ணன், தன் இலையைப் பார்த்தபடியே. "பந்தி முடியட்டும்."

அருணகிரி உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் கை கழுவ எழுந்த பிறகு, எல்லாரையும் போல அவரும் இலையை மடித்தார்.