இன்னும் கொஞ்சம் இடது

அந்தத் தெருவில் அவளைப் 'பாஸ்போர்ட் அக்கா' என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவில் பிறர் முகத்துப் பருவையும் கருவளையத்தையும் துடைத்தவள். புகைப்படத்தின் மேல் கணினித் தூரிகையை இழுத்து இழுத்து எண்ணெய் ஓவியமாக மாற்ற அவளாகவே கற்றுக்கொண்டாள். அப்படிப்பட்ட படங்களைப் போட்டுக் குறைநிறை பேசும் ஓர் இணையக் குழுவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் குறை சொன்னால் வழியும் சொல்வாள். "வானம் நல்லா வந்திருக்கு. பெரியவர் கன்னம்தான் களிமண் மாதிரி இருக்கு. எலும்பு போற போக்குல தூரிகையை இழுங்க, சரியாயிடும்."

ஐம்பத்தொன்றாம் வயதில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயின. பேச்சு போகவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர், "இடப்பக்கத்தைக் கவனிக்க மாட்டாங்க, பழக்கணும்" என்றார். அவள் கணவர் குழாய் பழுதுபார்ப்பவர். கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, தினமும் இடது கையைப் பிடித்துவிட்டார்.

மூன்றாம் மாதம் டேப்லெட் திரையில் பேனாவை வைத்து வலது கையால் வரைய ஆரம்பித்தாள். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பெண்கள். வலப்பக்கத்துப் பெண் ஓவியமாகியிருந்தாள். இடப்பக்கத்தவள் புகைப்படமாகவே நின்றாள். குழுவில் ஒரே கைதட்டல். 'புதுப் பாணி', 'கண்ணுல தண்ணி வருது'. இப்படி ஒன்பது படம் போட்டாள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

"செத்தவளைப் பத்திப் பேசற மாதிரி நல்லதாவே பேசறாங்க" என்று குமைந்தாள். "நான் அவ்வளவுதானா?"

ஒன்பதாவது படத்தின் கீழே குழுவிலிருந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் எழுதினார்: 'வலது பாதி அருமை. இடது பாதியை வேணும்னே போட்டோவா விட்டீங்களா? இல்லைன்னா அங்கேயும் தூரிகை போகணும்.'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "எதை விட்டேன்? முழுசாத்தானே வரைஞ்சிருக்கேன்! நீங்க பாருங்க."

கணவர் பார்த்தார். பாணி என்றுதான் அவரும் இதுவரை நினைத்திருந்தார். "நல்லாத்தான் இருக்கும்மா."

"குழாய் ஒழுகினா நல்லாத்தான் ஒழுகுதுன்னு சொல்வீங்களா?"

அவர் அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பசி அடங்கவில்லை என்று சற்றுமுன்தான் சொன்னாள். தட்டின் வலது பாதி வழித்த மாதிரி காலி. இடது பாதியில் சாப்பாடு தொட்ட சுவடில்லாமல் கிடந்தது. டாக்டர் சொன்னது கையை மட்டுமல்ல, இடப்பக்கம் இருக்கும் எல்லாவற்றையும் என்று அப்போதுதான் உறைத்தது. குழாயைத் திறந்துவிட்டு, மூடத் தோன்றாமல் நின்றார்.

திரும்பி வந்து, விட்ட பாதி வலப்பக்கம் வரும்படி டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி அவள் மடியில் வைத்தார்.

"இது யாரு விட்டது?" என்றாள்.

"நீதாம்மா."

"ஒன்பதுமா?"

ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். ஐந்தாவதில் தள்ளிவிட்டாள்.  பிறகு, அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியைப் பற்றிக் கேட்டாள். அது கட்டிலுக்கு இடப்பக்கம் இருந்தது.

"நீங்க அங்க உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"தினமும்தான்."

"நான் திரும்பிக்கூடப் பார்க்கலையா?"

"அசதின்னு நினைச்சேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். "இல்லைங்கறதே தெரியலைன்னா நான் எப்படித் தேடுவேன்? இன்னும் எதையெல்லாம் விட்டிருக்கேன்?"

மருத்துவமனையிலிருந்து பயிற்சி தரும் பெண் வந்து, திரையின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டினாள். முதலில் சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் தூரிகை. நாற்காலியை மாற்றக் கூடாது, அவள்தான் திரும்பிப் பழக வேண்டும் என்றும் சொன்னாள். சில நாள் சிவப்பு கிடைக்காமலே பொழுது போகும். பேனாவை வீசி எறிவாள். பத்தாவது படம் ஒரு குளக்கரை, அதற்கு ஐந்து வாரம் ஆனது. குழுவில் போடுமுன் கணவரிடம் நீட்டினாள்.

"குறையைச் சொல்லுங்க. பொய் வேண்டாம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தண்ணி நல்லா வந்திருக்கு. ஓரத்துல ரெண்டு விரல் அகலம் அப்படியே விட்டிருக்கு."

"எங்க?"

"இடது பக்கம்."

பேனா நகர்ந்தது. "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் இடது."

"இதுக்கு மேல இடது இல்லைங்க."

"இருக்கும்மா" என்றார்.