சுடாத போல்ட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். தொட்டிக் கரைசல்களைச் சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் எல்லோரும் என்னை 'டீச்சர்' என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்துதான் கூப்பிடுவார்கள்.

என் அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தான். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து கனமான அச்சு இறங்கி வெட்டும். பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மேல் அச்சைத் தாங்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் மழைக்காலத்தில் துருப்பிடிப்பதால், ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பு ஒரு புது செட்டை எங்களிடம் முலாம் பூச அனுப்பியிருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முலாமுக்கு முன்னால் இரும்பை அமிலத்தில் முக்குவோம். அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் எல்லாமே குமிழியாகப் போய்விடாது. அதைவிடச் சின்ன அணு கிடையாது. இரும்பு அணுக்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் கொஞ்சம் புகுந்துகொள்ளும். சாதாரண ஆணி இதற்கெல்லாம் அசராது. அதன் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆணி வளைந்து கொடுத்துவிடும். கடினப்படுத்திய போல்ட் அப்படியில்லை. அதன் அணுக்கள் நகர வழியில்லாமல் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கும், அதன் பலமே அதுதான். முறுக்கியதும் எங்கே இழுப்பு அதிகமோ அங்கே ஹைட்ரஜன் போய்ச் சேர்ந்து, இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள பிடியைத் தளர்த்தும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். சில மணி நேரம் ஒன்றும் ஆகாது, பிறகு தானாகவே உடையும். முலாம் பூசிய கையோடு அடுப்பில் வைத்து மணிக்கணக்காகச் சுட்டால்தான் உள்ளே போனது வெளியேறும்.

முலாம் பூசிய அன்று நான் லீவு. எங்கள் முதலாளி பூந்தமல்லிக்காரர், எல்லோருக்கும் பாய். ஆயுத பூஜையில் அவரை மிஞ்ச எஸ்டேட்டிலேயே ஆள் கிடையாது. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் அவரே வாங்கி வருவார். அன்று மதியம் பட்டறையைக் கழுவி, மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பூஜை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

விடுமுறை முடிந்து மதிய ஷிஃப்டுக்கு வந்தவள் முதலில் பார்த்தது அடுப்பைத்தான். கதவும் சட்டமும் சேரும் இடத்தில் சந்தனத்தை அகலமாகத் தீற்றியிருந்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்திருந்தால் அது இரண்டாகியிருக்கும்.

"பிரஸ் ஷாப் போல்ட் எங்க?" என்று தொட்டியருகே நின்றவரைக் கேட்டேன்.

"அது காலைலியே சைக்கிள்ல போயிடுச்சே டீச்சர்."

"சுடாமலா?"

"சாமி கும்ட்ட அடுப்ப எப்டி மூட்டறது? பாயே சொல்லிட்டாரு, உங்க பூஜைய நான் கெடுக்க மாட்டேன்னு."

எல்லோரும் நல்லவர்கள். எனக்கு அந்த நல்லவர்கள் அத்தனை பேரையும் அறையலாம் போலிருந்தது. ஓடினேன்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து தகடு வைத்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களுக்கு மேலே அச்சு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு போல்ட்டைத் தட்டிக் காட்டினார்.

"இன்னாம்மா, ஸ்பேனர்ல பைப்பு போட்டு முறுக்கிக்கீது. எவ்ளோ டைட்டா கீது பாரு."

"டைட்டா இருக்கறதாலதான் சார் பயமே. லூசா இருந்தா உடையாது."

"காலைலேந்து ஓடிக்கினு கீது. ஒண்ணும் ஆவல. இன்னிக்கு லோடு போவணும், நீ கெளம்பு."

அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. விரிசல் கண்ணுக்குத் தெரியாது, புத்தகத்தில் படித்ததை அவர் கேட்கப் போவதில்லை. அண்ணனிடம் போனேன். அவன் தலை நிமிரவில்லை.

"அண்ணா, எந்திரி."

"ஊட்டுக்குப் போ. இந்த மாசம் பர்மனென்ட் பண்றேன்னுகீறாங்க. நீ வந்து கெடுக்காத."

"கை போயிட்டா எதுக்குடா பர்மனென்ட்?"

அவன் பெடலை மிதித்தான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. தகடு தீர்ந்துபோய், அடுத்த தகட்டுக் கட்டை எடுக்க அவன் எழுந்து திரும்பினான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கீழே விழுந்து கிடந்த ஒரு தகட்டை எடுத்து அவன் வைப்பதுபோலவே அச்சுக்கு அடியில் கையை நீட்டி வைத்தேன்.

"உடையாதுன்னா நானே வைக்கிறேன்," என்றேன். மேலே பார்க்கத் தைரியமில்லை.

பின்னால் தகட்டுக் கட்டு தரையில் விழும் சத்தம் கேட்டது. அண்ணன் பாய்ந்துபோய் மெயின் ஸ்விட்சை இறக்கினான். அதே வேகத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் நான் ஸ்டூலோடு சாய்ந்தேன்.

"யாரக் கேட்டு நிறுத்துனே?" சூப்பர்வைசர் கத்தினார். "நாளைலேந்து நீ வராதே."

அண்ணன் ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அவர் திட்டத் திட்ட, நகரவில்லை. மோட்டார் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

அப்போது டக்கென்று ஒரு சத்தம், சுத்தியால் தட்டியதுபோல. பளபளப்பான ஒரு போல்ட் தலை சிமென்ட் தரையில் உருண்டு வந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொன்று உடைந்தது. மேல் அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொங்கி, நான் வைத்த தகட்டின்மேல் விழுந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

சூப்பர்வைசர் இரண்டடி பின்வாங்கினார். அண்ணன் அச்சைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு ஓங்கி ஒரு அறை விட்டான். விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். நான் கண்ணாடி முன் நின்றிருந்தேன். கன்னம் எரிந்தது. அதில் அவன் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன, ஐந்தும் முழுசாக.