ஜன்னலுக்கு எதிரே கட்டிய குழாய்

அன்று என் பிள்ளை சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு தூங்கினானா, சத்தமே அவனுக்குக் கேட்கவில்லையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கணவர் சங்கரன்கோவிலில் மைக்செட் வைத்திருக்கிறார். போன ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டியது அவர்தான். நான் பி.யு.சி.யில் இயற்பியல் படித்தவள் என்பதால், எங்கெங்கே கட்டலாம் என்று என்னிடம் கேட்டார். தெருவைத் தாளில் வரைந்தேன். குழாயின் வாய்க்கு நேரே சத்தம் விசிறிபோல் விரியும். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகிவிடும். எப்படிக் கணக்குப் போட்டாலும் தெருமுனைக் குழாயின் சத்தம் தெருவின் வளைவைத் தாண்டவில்லை. வளைவிலேயே இன்னொன்று வேண்டும். அங்கே இருப்பது எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள விளக்குக் கம்பம் மட்டும். ஜன்னலுக்கு உள்ளே தொட்டில். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம்.

"முனைக் குழாயையே இன்னும் உயர்த்திக் கட்டுங்களேன்" என்றேன்.

"உயர்த்துனா சத்தம் வளைஞ்சு வருமாடி? நீதான கணக்குப் போட்டே."

அதுவும் சரிதான்.

காலையில் பாட்டுப் போட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. செம்பின் மூடி நடுங்கிக்கொண்டே இருந்தது. தொட்டிலுக்கு ஓடினேன். பிள்ளையின் இமைகூட அசையவில்லை.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உன் கணக்குப்படி இங்கன இடி இடிக்கணும். பய அசராமத் தூங்குதான். மைக்செட்டுக்காரன் மவன்லா."

மறுபடி கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதே விடை. ஆனாலும் தூங்குகிற பிள்ளையை நம்பினேன், கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளைதான் அளவுகோல். "அவன் அழுதா குறைப்போம்" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டினார். திருவிழா முடியும்வரை அவன் அழவில்லை. தொந்தரவில்லாத பிள்ளை என்று தெருவே மெச்சியது.

இப்போது நடக்கிறான். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. கை தட்டினால் சில சமயம் திரும்புகிறான். அதுகூட என் நிழலைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"எம்மவனும் ரெண்டு வயசுக்கு மேலதான் பேசுனான். நீ படிச்ச புத்தியில எதையாவது கெளப்பாத தாயி" என்கிறார் மாமியார். தபசு முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்கிறார் கணவர். நேற்று அதே கம்பத்தில் குழாய்க்குக் கயிறு கட்டியாயிற்று.

படிக்கிற தாய்மாரைக் கேட்கிறேன். இந்த வயதில் உங்கள் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பினார்களா? நான் தபசுவரை பொறுக்கலாமா, வீட்டில் சொல்லாமல் பிள்ளையோடு பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிடலாமா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.