கேள்விக்குறி இட்ட குப்பி

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நாஞ்சில் நாட்டுப் பெருமக்களே! கண்ணீரைத் துடைக்குமுன் ஒரு கொடுமையைக் கேளுங்கள். நுண்ணுயிரியல் பேராசிரியர் அருள்மலர் அம்மையாரை மண்ணில் இட்டு மூன்று நாள் ஆகவில்லை. அவர்தம் ஆய்வறையைப் பூட்டி, நாளை மின்னிணைப்பைத் துண்டிக்க ஆணையிட்டிருக்கிறது எங்கள் கல்லூரி ஆட்சிக்குழு.

அதே கல்லூரியில் தமிழாசிரியன் நான். தக்கலைக் கூட்டமொன்றில் மேடையேறக் காலெடுத்து வைத்தபோது, அவருடைய ஆய்வு மாணவி கிரேசி செல்பேசியில் அழைத்தார். "சார், டீச்சர் போயிட்டாவ." அம்மையாருக்கு நெஞ்சடைப்பு. எடுத்த காலைக் கீழே வைத்துத் திரும்பினேன்.

காலில் மீன்முள் குத்திய புண்ணுக்குத் தம் தம்பியைப் பறிகொடுத்தவர் அம்மையார். புண்ணில் புகுந்த கிருமி எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. அன்று தொடங்கியது, அதனை அடக்கும் பச்சிலைக்கான தேடல். கிருமி படர்ந்த தட்டில் இலைச்சாற்றை இடுவார். கிருமி மடிந்தால் சாற்றைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றும்.

ஒருமுறை, குளச்சலில் மீன் விற்கும் பிலோமினா அம்மாள் அரைத்துத் தந்த பச்சிலை, மருந்துக்கு அடங்கும் எளிய கிருமியிடம் அகன்ற வட்டம் காட்டிற்று. துறை முழுதும் இனிப்பு வழங்கினார் அம்மையார். அடங்காக் கிருமியிடமோ அதே சாறு தோற்றது. ஐயுற்று, என்னையும் அழைத்துக்கொண்டு குளச்சலுக்கே போனார்.

"அதுல வேற என்னக்கா சேத்திய?"

"மெடிக்கல்ல புண்ணுக்கு வாங்குன கேப்சூலப் பொட்டிச்சு இட்டேன். வெறும் பச்சிலைய ஆரு மக்கா நம்புவா?"

"நான் நம்பினேம்லா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பும் பேருந்தில் அம்மையாரின் முகம் வாடிற்று. "தொட்டதுக்கெல்லாம் கேப்சூல். இப்பிடித்தான் சார் கிருமி மருந்தப் பழகிக்கிடுது" என்றார். மறுநாள், இனிப்பு உண்ட ஒவ்வொருவரிடமும் சென்று தம் பிழையைச் சொன்னார். அன்றுமுதல், ஒரே வட்டத்தை இருமுறை காணாமல் எதையும் நம்பியதில்லை. அதுவரை சாற்றுக் குப்பியின்மேல் கேள்விக்குறிதான்.

சென்ற மாதம், இராஜாக்கமங்கலம் கழியோரக் கொடியொன்றின் சாறு அடங்காக் கிருமியிடம் வட்டம் காட்டிற்று. சிறு வட்டம். வாழ்த்த ஓடினேன்.

"முட்டாய் கேக்காதீய சார். இன்னொருக்க வரட்டு."

அந்த இன்னொரு முறைக்குள் போய்விட்டார்.

அக்குப்பி பூட்டிய ஆய்வறையின் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. குளிர் நீங்கினால் சாறு கெடும். கொடி நின்ற கரையையோ மண்ணிட்டு மேடாக்கிவிட்டார்கள்.

அம்மையே, அமைதியாய் உறங்குங்கள். ஆட்சிக்குழுவினரே! வட்டம் வரலாம், வாராதும் போகலாம். வாராவிடில் வரவில்லை என்றே எழுதுவோம். அவரும் அதைத்தான் எழுதியிருப்பார். பூட்டிய கதவின்முன் தட்டுகளோடு நிற்கிறார் கிரேசி. ஆணையைக் கிழியுங்கள்! இக்கூட்டம் கலையுமுன் சாவியை அவர் கையில் கொடுங்கள்!