படுக்கையில் பிறந்த சொல்

எங்கள் பிரசவ வார்டில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் நர்சை எல்லோரும் 'நடையக்கா' என்றுதான் கூப்பிடுவோம். வலியோடு வந்து சேரும் பெண்ணைத் தோளோடு அணைத்து, "வாம்மா, அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று நடைக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். நடந்தால் பாதி வலி ஓடிப்போகும் என்பது அவர் கட்சி. தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் பெற்றார்.

புதிதாக வந்த பெரிய டாக்டர் பிரெஞ்சு தேசத்தில் படித்தவர். அதை நாங்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார். வந்த வாரமே வார்டு வாசலில் 'அக்கூஷ்மான்' என்று பலகை மாட்டினார். பிரசவத்துக்குப் பிரெஞ்சுச் சொல்லாம். எங்களை வரிசையாக நிற்கவைத்து விளக்கம் வேறு. 'கூஷ்' என்றால் படுக்கை. ஆதியில் அந்தச் சொல்லுக்குப் படுக்கையில் சாய்வது என்று மட்டுமே பொருளாம். பிள்ளை பெறுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"பேரிலேயே படுக்கை இருக்கு. இனிமே யாரும் நடக்கக் கூடாது. வலி வந்தா படுக்கணும்."

"அந்தப் பேர வச்சது பெத்தவளா டாக்டர், பக்கத்துல நின்னு பாத்தவரா?" என்றார் நடையக்கா.

நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாளும் அக்கா ஒரு பெண்ணை நடத்திக்கொண்டு போக, அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றும் உத்தரவு தயாரானது. திங்கள் காலை பத்து மணிக்கு டாக்டர் அதில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

"கொழந்த சத்தமே கேக்காத எடத்துல நான் என்னடி செய்வேன்?" என்று துணி அறையில் என்னிடம் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

திங்கள் ஒன்பதரைக்கு டாக்டருக்குச் சிறுநீரகக் கல் வலி பிடித்தது. வார்டுக் கட்டிலில் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார், துள்ளி எழுந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

"படுங்க டாக்டர். வலி வந்தா படுக்கணும்," என்றார் அக்கா.

"படுக்க முடியலம்மா!"

அதற்குமேல் அக்கா குத்திக்காட்டவில்லை. ஊசி வரும்வரை டாக்டரின் முழங்கையைப் பிடித்துக் கூடவே நடந்தார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் எங்களை மறுபடி வரிசையில் நிறுத்தினார். உத்தரவைப் பற்றிப் பேச்சே இல்லை.

"வலி வந்தவங்க நடக்கிறது நல்லதுன்னு புது ஆராய்ச்சி சொல்லுது. நடக்க விடுங்க."

"எத்தனை பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சி டாக்டர்?" என்று கேட்டார் அக்கா, ஒன்றும் தெரியாதவர் போல.

டாக்டர் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தர்," என்றார்.