அக்கரையில் சொன்ன சொல்

ரயிலில் வந்த அரிசி ஆலைக் கொதிகலனை வாவிக்கு அக்கரை சேர்க்க வேண்டும். சுமை தூக்கும் நாட்டாமைகளின் தலைவர் காத்தான்குடிக்காரர். குள்ளமானவர், காதில் எப்போதும் ஒரு சுருட்டுத் துண்டு. இரண்டு தோணிகளைப் பிணைத்துக் கொதிகலனை ஏற்றினார். தோணிகள் விளிம்புவரை அமிழ்ந்தன.

"சரியான பாரம்," என்றேன், ஆலைக் கணக்கனான நான்.

அவர் சீறினார். "அந்தச் சொல்லைச் சொல்லப்படாது தம்பி! அதுவும் தோணியில ஏறிப்போடும்."

பிறகு தோணிகள் கரையை விட்டன. நெற்கதிர்ச் சூடு மிதிக்கும் களத்தில் விளைச்சல் பெருகக் கூவுவதுபோல அவர் மட்டும் "பொலி! பொலி!" என்று கூவ, ஆட்கள் கம்பு ஊன்றித் தள்ளினார்கள். அக்கரையில் உருட்டுக் கட்டைகள்மேல் கொதிகலன் கம்பீரமாக ஏறி நின்றது.

அவர் மணலில் மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "யா அல்லாஹ்! என்ன பாரம்!"

கரையே சிரித்தது. அத்தனை சந்தோஷமாக அந்தச் சொல்லை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.